கிராதி, கைவரி, கைப்பிடி: மாடிப்படித் தடுப்புக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?

வடசேரியான்:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடிப்படி வார்ப்பு முடிந்து பூச்சு வேலை நடக்கிறது. அடுத்தது படியோரத் தடுப்பு. அந்தத் தடுப்புக்கு எங்களுக்குள்ளேயே நான்கு பெயர்கள் புழங்குகின்றன. அம்மா "கிராதி" என்கிறார். என் மனைவியின் ஊர் மேல்புறம் பக்கம். அவர்கள் வீட்டில் "கைவரி". கொத்தனார் "கைப்பிடி" என்கிறார். பட்டறையில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் "ஹேண்ட்ரெயில்" என்று எழுதியிருக்கிறது.

நான்கும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பகுதியைக் குறிக்கிறதா? பட்டறைக்காரரிடம் கிராதி வேண்டும் என்றபோது "சன்னலுக்கா?" என்று கேட்டார். அம்மாவுக்கோ அது மாடிப்படிக்குரிய சொல். அம்மா எழுபதைக் கடந்தவர். அவர் எதைப் பிடித்து ஏறுவார், பேரன் எந்த இடுக்கில் தலையை விடுவான் என்பதெல்லாம் இந்தத் தடுப்பைப் பொறுத்தது. ஆகவே தாளில் எழுதும் சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கிராதி எங்கிருந்து வந்த சொல்? உங்கள் பக்கத்தில் எப்படிச் சொல்கிறீர்கள்?

தமிழாசிரியை (ஓய்வு):

தம்பி, உங்கள் அம்மா சொல்வது மிகப் பொருத்தமான சொல். கம்பியையோ மரச்சட்டத்தையோ இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்திச் செய்த தடுப்பு கிராதி. படிக்கட்டின் ஓரத்தில் நின்றாலும், திண்ணையின் முகப்பில் நின்றாலும், சன்னலில் நின்றாலும் அதற்குப் பெயர் அதுவே. காற்றும் வெளிச்சமும் ஊடே போக வேண்டும், ஆள் போகக் கூடாது. செங்கல் வைத்து அடைத்துக் கட்டிவிட்டால் அதைக் கிராதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது கைப்பிடிச்சுவர். உங்கள் பட்டறைக்காரர் சன்னலுக்கா என்று கேட்டதிலும் தவறில்லை; அவருக்குச் சொல்லின் பாதி தெரிந்திருக்கிறது.

சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. அங்கே "கிராதெ" என்றால் கம்பித் தடுப்பு. சன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகியவையும் அங்கிருந்து வந்தவைதான். நம் வீட்டுக்குள் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணில் படும் பொருள்களில் எத்தனை அந்த வழியாகப் பெயர் பெற்றவை என்று தெரியும். கட்டட வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரிகூட அந்த வரவுதான்.

திட்டுவதற்குச் சொல்லும் "கிராதகன்" இதோடு தொடர்பில்லாதது. அது வேடரைக் குறிக்கும் வடமொழிக் "கிராத" என்பதிலிருந்து வந்தது. வகுப்பில் பிள்ளைகள் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள், ஒவ்வோர் ஆண்டும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

புழக்கத்தைக் கேட்டீர்கள். கிராதி போடு, கிராதி வை, கிராதி அடைத்த திண்ணை, கிராதிக் கதவு, "கிராதியைப் பிடித்துக்கொண்டு இறங்கு", "கிராதியில் சாயாதே". எனக்கு மேலே உள்ள தலைமுறையில் இவையெல்லாம் அன்றாடப் பேச்சு.

குளச்சல் கரை:

டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் கடற்கரை ஊர்களில் கிராதி என்றால் மூத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வீட்டுப் படி இல்லை, கோவில். மாதா கோவிலையும் நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். பீடத்துக்கும் மக்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே, இடுப்புக்குக் கீழ்மட்டத்தில் ஒரு தடுப்பு ஓடும். கீழே கடைந்த கால்கள், மேலே அகலமான பலகை. நற்கருணை (திருப்பலியில் குருவானவர் தரும் அப்பம்) வாங்கப் போகிறவர்கள் அதன் முன்னால் வரிசையாக முழங்காலிடுவார்கள். பலகையின் மேல் நீளமாக வெள்ளைத்துணி விரித்திருக்கும். கைகளைத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு நாவை நீட்ட வேண்டும். குருவானவர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கொடுத்துக்கொண்டே வருவார். என் பாட்டி சொல்லிச் சொல்லி இது என் கண் முன்னால் நிற்கிறது. "கிராதிக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது" என்பது அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் ஒழுங்கு.

கத்தோலிக்க ஆயர்களின் பெரும் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. அதற்குப் பிறகு வழிபாட்டு முறையில் பெரிய மாற்றம் வந்தது. குருவானவர் மக்களைப் பார்த்துத் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார்; மக்கள் நின்றபடியே நற்கருணை வாங்கும் பழக்கம் பரவியது. பல கோவில்களில் கிராதியை எடுத்துவிட்டார்கள். பார்த்துப் பழகிய பொருள் கண்ணிலிருந்து போனதும் பெயரும் பின்னாலேயே போய்விட்டது. இன்றைய இளைஞர்களிடம் கேட்டால் விழிக்கிறார்கள்.

இந்தக் கரையில் அந்தச் சொல் வேரூன்றியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் கோவாவில் வந்து இறங்கினார். 1544இல் நம்முடைய திருவிதாங்கூர்க் கரை ஊர்களில் ஊர் ஊராக நடந்து திருமுழுக்குக் கொடுத்தார். அவர் பெயரில்தான் கோட்டாற்றுப் பேராலயம் நிற்கிறது. போர்த்துக்கீசியர் இங்கே வெறும் வணிகர்களாக வந்து போனவர்கள் இல்லை. அவர்கள் கட்டிய கோவில்களுக்குள் நம் மக்கள் தினமும் மண்டியிட்டார்கள். கிராதி என்ற சொல்லைக் கையால் தொட்டுப் பழகிய பிறகுதான் நாங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தோம் என்பது என் எண்ணம்.

விளவங்கோட்டுக்காரி:

எங்கள் பக்கத்தில் கைவரிதான். மலையாளத்திலும் அதே சொல் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு இணைந்தன. எல்லைக்கோடு மாறியது, ஏணிப்படியும் கைவரியும் மாறவில்லை. (மாடிப்படியை எங்கள் வீட்டில் ஏணிப்படி என்றுதான் சொல்வோம்.)

எங்களிடம் ஒரு பிரிவினை உண்டு. நிற்கிற ஒவ்வொரு கம்பியும் அழி. சன்னல் அழி, கைவரி அழி. எல்லாம் சேர்ந்து படியோடு ஏறுகிற முழுத் தடுப்பும் கைவரி. "கைவரியில் ஓர் அழி ஆடுகிறது" என்று என் மாமியார் சொன்னால் ஆசாரி வந்து நேராக அந்த ஒரு கம்பியைத்தான் தொட்டுப் பார்ப்பார். வேறு விளக்கம் தேவைப்படாது. பாலத்தின் இருபுறமும் இருக்கும் தடுப்பும் கைவரிதான்.

அதோடு சாருபடி என்று ஒன்று உண்டு. பழைய வீடுகளின் திண்ணையில் உட்காரப் பலகை போட்டு, முதுகு சாய்க்க மரச்சட்டங்களை வெளிப்புறம் சாய்வாக நிறுத்தியிருப்பார்கள். அதுவும் ஒருவகையில் கிராதிதான், ஆனால் உட்கார்ந்து சாய்வதற்கு. அந்தச் சட்டங்களின் இடைவெளி வழியாகத்தான் நாங்கள் சிறுவயதில் தெருவில் போகிறவர்களையெல்லாம் பார்ப்போம்.

தோவாளை மலர்:

எல்லாரும் சொல்வது சுவையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கைப்பிடி என்று பச்சைத் தமிழ்ச் சொல் இருக்கும்போது போர்த்துக்கீசியச் சொல்லை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியும் சொல்லைக் கொடுப்போமே.

தமிழாசிரியை (ஓய்வு):

மலர், கைப்பிடி நல்ல சொல், அதை விட வேண்டாம். ஆனால் அது கை பற்றும் இடத்தை மட்டும் சொல்கிறது. கத்திக்குக் கைப்பிடி, கதவுக்குக் கைப்பிடி, குடைக்குக் கைப்பிடி. மாடிப்படியில் மேலே ஓடும் சட்டம்தான் கைப்பிடி. அதற்குக் கீழே நிற்கிற கால்களையும் சேர்த்துச் சொல்ல வேறொரு சொல் வேண்டும். அந்த இடத்தில் கிராதியோ கைவரியோ உட்காரட்டும். சன்னலையும் சாவியையும் நம்முடையதாக்கிக்கொண்ட மொழி கிராதியை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

கல்லில் கட்டிய கோவில்களில் இதற்கு வேறு சொல் உண்டு. படிகளின் இரு பக்கமும் யாளியின் வாயிலிருந்து துதிக்கை நீண்டு இறங்கி, கீழ்ப்படிக்கு அருகில் சுருண்டு முடியும். அதைப் பிடிச்சுவர் என்று தொல்லியல் எழுதுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள். பிடி, சுவர் என்று இரண்டே சிறிய தமிழ்ச் சொற்கள். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று. அது அடைத்த கல், ஆகவே கிராதி ஆகாது.

கடைசல் பட்டறை:

அண்ணாச்சி, இந்த வேலையிலேயே இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். பட்டறையில் எங்களுக்கு ஒரே சொல் போதாது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பேச்சு வேண்டும். மேலே கை போகிற சட்டம் கைப்பிடி. கீழே நிற்பவை கால். கடைசல் பிடித்திருந்தால் கடைசல் கால். முதல் படியில் கனமாக நிற்பது தூண். "கிராதிக்கு எத்தனை கால்?" என்று கேட்டுத்தான் மரக்கணக்குப் போடுவோம். மரவேலையில் கிராதி என்ற சொல் இன்னும் சாகவில்லை. இரும்புப் பட்டறையில்தான் அது சன்னலோடு ஒதுங்கிவிட்டது.

கடைசல் கால் எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்கள் இப்போது குறைவு. நான்கு பக்கமும் சதுரமாக அறுத்த கட்டையின் இரண்டு முனையிலும் மூலைவிட்டம் போட்டு நடுப்புள்ளி குறிக்க வேண்டும். அந்தப் புள்ளி நெல்மணி அளவு தப்பினாலும் கட்டை சுழலும்போது ஆடும், உளி துள்ளும். சுழலும் கட்டையில் முதலில் மூலைகளை உருட்டி எடுப்போம். பிறகு பென்சிலை அப்படியே வைத்தால் சுற்றிலும் வட்டக்கோடு விழும். அந்தக் கோடுகள்தான் குடம், கழுத்து, வளையம் எங்கெங்கே என்பதற்கு அடையாளம். உளியின் சாய்வை மாற்ற மாற்றச் சீவல் நீளமாக வந்து விழும். சீவல் தூளாக உதிர்ந்தால் உளி மழுங்கிவிட்டது, நிறுத்திச் சாணை பிடிக்க வேண்டும். ஒரு கால் அழகாக வருவது பெரிய காரியம் இல்லை. பக்கத்தில் நிற்கிற அத்தனை காலிலும் கழுத்து ஒரே மட்டத்தில் வர வேண்டும். மாடிப்படியில் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால் அந்த மட்டம் பிசகியது உடனே கண்ணை உறுத்தும்.

மரம் என்று கேட்டால் தேக்கு எப்போதும் நம்பிக்கையானது. நம் மாவட்டத்துக்கு அயினி மிக நல்லது. வள்ளம் (படகு) செய்யப் பயன்பட்ட மரம், ஈரத்தைத் தாங்கும், விலையும் தேக்கை விடக் குறைவு. ரப்பர் மரத்தை மலிவு என்று வாங்குகிறார்கள். மருந்தேற்றிப் பதப்படுத்தாத ரப்பர் கட்டையில் பூஞ்சணம் ஏறும், வண்டு துளைக்கும். பதப்படுத்திய கட்டைதானா என்று கேட்டு வாங்குங்கள். பழைய வேலை பார்க்க ஆசையிருந்தால் பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க்கொட்டாரம் என்ற பகுதியில் உள்ள கன்னித்தூணைப் பாருங்கள், ஒரே பலாமரத்தில் செய்தது. நான் எங்கள் பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களை முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படி திரும்பும் இடத்தில் கைப்பிடியை வெட்டி நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்தில் புதிதாகத் தொடங்குகிறார்கள். செலவு குறையும். ஆனால் இறங்கி வருகிறவரின் கை அந்த இடத்தில் வெறுமையில் விழும். வளைவைத் தனிக்கட்டையில் குடைந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட வேண்டும். உங்கள் அம்மாவுக்காக அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தக்கலை வாசகர்:

பத்மநாபபுரம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்திலிருந்து, அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் வரிசையில் ஏறும்போது முன்னால் போகிறவரின் குதிகால் நம் முகத்துக்கு நேராக வரும். இரு கையாலும் எதையாவது பற்றிக்கொள்ளத் தோன்றும். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை நாடாண்ட இடம் அது. எங்கள் தாத்தா வீட்டு மச்சுக்குப் போகும் படியும் இதே சாய்வுதான். அதில் கைவரி கிடையாது, மேலே உத்தரத்திலிருந்து தடித்த கயிறு ஒன்று தொங்கும். அதைப் பிடித்து ஏற வேண்டும். கைபட்டுக் கைபட்டுக் கயிறு வழுவழுப்பாகியிருந்தது. அந்தக் கயிற்றுக்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை, "கயிறைப் பிடி" என்பதோடு சரி.

கட்டடக்கலை மாணவி:

ஆசிரியை சொன்ன வேறுபாடு எங்கள் பாடத்திலும் இருக்கிறது, அதனால்தான் இந்த இழையை விடாமல் படிக்கிறேன். ஆங்கிலத்தில் நிற்கும் காலுக்கு "பாலஸ்டர்" என்று பெயர். அது இத்தாலிய மொழி வழியாக வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது காட்டு மாதுளையின் பூவைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கடைசல் காலில் நடுவில் பருத்து மேலே குறுகும் அந்த வடிவம் மாதுளம்பூவின் அடிப்பகுதியை ஒத்திருப்பதால் அந்தப் பெயர். பாலஸ்டர் மருவிப் "பானிஸ்டர்" ஆனது. முதலில் ஒற்றைக் காலைக் குறித்த அந்தச் சொல், இப்போது மேலே இருக்கும் கைப்பிடிக்கும் முழுத் தடுப்புக்கும் சேர்த்து வழங்குகிறது. விளவங்கோட்டு அக்கா சொன்ன அழியும் கைவரியும் அங்கே ஒன்றாகக் குழம்பிவிட்டன. நம் பக்கத்தில் அந்தப் பிரிவினை இன்னும் தெளிவாக இருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்று வடசேரி அண்ணன் கேட்டது வெறும் மொழி ஆசை இல்லை. எங்கள் உறவினர் வீட்டில் மதிப்பீட்டில் "ஹேண்ட்ரெயில்" என்று மட்டும் எழுதியிருந்தது. பட்டறையிலிருந்து வந்தவர்கள் மேலே ஒரு குழாய், கீழே படிச்சாய்வோடு கிடையாக மூன்று குழாய் வைத்துவிட்டுப் போனார்கள். தாளில் எழுதியதைத்தான் செய்தோம் என்றார்கள். அந்தக் கிடைக்குழாய்களில் கால் வைத்து அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை விறுவிறுவென்று ஏறிவிடுகிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். கிராதி என்றோ அழி வைத்த கைவரி என்றோ எழுதியிருந்தால், எத்தனை கால், எவ்வளவு இடைவெளி என்ற பேச்சு அங்கேயே வந்திருக்கும்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். குழந்தையின் தலை நுழையாத அளவு அது. கைப்பிடியின் உயரம் 900 மில்லிமீட்டரிலிருந்து 1000 மில்லிமீட்டர் வரை வைப்பது நடைமுறை. படியிலிருந்து நேர்மேலாக அளக்க வேண்டும். சிலர் படியின் சாய்வுக்குக் குறுக்காக நாடாவைப் பிடிப்பார்கள், அளவு மாறிவிடும். மாடியின் விளிம்பிலும் பால்கனியிலும் விழுந்தால் ஆபத்து அதிகம் என்பதால் அங்கே 1 மீட்டரிலிருந்து 1.2 மீட்டர் வரை. கைப்பிடி உருண்டையாக 38 முதல் 45 மில்லிமீட்டர் விட்டத்தில் இருந்தால் விரல்கள் சுற்றி வளைத்துப் பற்றும். அழகுக்காக நாலங்குல அகலத்தில் பட்டையான மரத்தைப் போடுகிறார்கள். அதன் மேல் கையை வைக்கலாம், தடுமாறினால் பிடிக்க முடியாது. சுவரோடு ஒட்டிய கைப்பிடி என்றால் சுவருக்கும் அதற்கும் நடுவே 50 மில்லிமீட்டர் விடுங்கள், விரல் முட்டி உரசாது.

வடசேரியான்:

நன்றி, அனைவருக்கும். தாளை இன்று மாற்றி எழுதச் சொல்லிவிட்டேன். உள்படிக்கு மரக்கிராதி என்று முடிவாகியிருக்கிறது, அயினி பார்க்கிறோம். வெளியே மொட்டைமாடிக்குப் போகும் படிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாம் என்கிறார்கள். மூன்று விலை சொல்கிறார்கள், மூன்றும் பார்வைக்கு ஒரே பளபளப்பு. கடற்காற்று நம் ஊர்வரை வருகிறதே, எதை நம்புவது?

குளச்சல் கரை:

அண்ணாச்சி, துருவைப் பற்றி எங்களிடம் கேளுங்கள். மூன்று விலை என்றால் பெரும்பாலும் 202, 304, 316 என்ற மூன்று தரமாக இருக்கும். 304இல் குரோமியம் சுமார் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், அதனால் விலை குறைவு. 316இல் கூடுதலாக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு, உப்பை எதிர்த்து நிற்பது அதனால்தான்.

எஸ்.எஸ். துருப்பிடிக்காது என்பதே அதன் மேல் படியும் குரோமிய ஆக்சைடு படலத்தால்தான். கடல் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தியதுபோல் அங்கங்கே துளைக்கிறது. முதலில் தேநீர் நிறத்தில் கறை தோன்றும், பிறகு சிறு குழி விழும். குளச்சல், முட்டம் மாதிரிக் கரையோரத்தில் 202 போட்டவர்கள் சீக்கிரமே பெயின்ட் டப்பாவைத் தேடுகிறார்கள். கரையில் வீடு என்றால் 316 வாங்குங்கள். நாகர்கோவிலுக்கு 304 போதும் என்று நான் சொல்வேன், ஆனால் பராமரிக்க வேண்டும்.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரியும் என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம், 202, 304 இரண்டிலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. குழாயில் அச்சிட்ட தரக்குறியைப் பாருங்கள், பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் ஏறியிருக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் விட்டால் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். சாதா இரும்பை அறுத்த அதே இடத்தில் எஸ்.எஸ். குழாயைப் போட்டு வேலை செய்தால் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு அதுவும் துருவாகும். மழை நேராக விழும் கைப்பிடி தானாகக் கழுவப்படும். கூரைக்கு அடியில் இருப்பதில்தான் உப்பு தங்கும், அதை நல்ல தண்ணீரால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

விளவங்கோட்டுக்காரி:

நடுவே ஒரு சிறு சேர்க்கை. நம் மாவட்டத்தில் ஒரே ஆள் ஒரே நாளில் இடத்துக்கு ஒரு சொல்லாக மாற்றிக்கொள்கிறார், கவனித்திருக்கிறீர்களா? பஸ்ஸில் ஏறினால் "கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்". அங்கே கிராதியும் இல்லை, கைவரியும் இல்லை. பாலத்துக்குச் செய்தித்தாளில் கைப்பிடிச்சுவர் அல்லது தடுப்புச்சுவர். கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தொட்டியை ஒட்டிய நடைபாதையில் போகும்போது பிள்ளைகளிடம் "கைவரிப் பக்கம் போகாதே" என்றுதான் எங்கள் வாயில் வரும். 115 அடிக்குக் கீழே பறளியாறு ஓடுகிறது, அந்த இடத்தில் சொல்லைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் நேரமிருக்காது. கூட வந்த என் நாகர்கோவில் நாத்தனார் "கம்பியை விட்டுத் தள்ளி நட" என்றார். பிள்ளைகள் இரண்டையும் புரிந்துகொண்டார்கள்.

தோவாளை மலர்:

டீச்சர், விளக்கத்துக்கு நன்றி. கைப்பிடி மேலே, கிராதி முழுதும் என்று வைத்துக்கொள்கிறேன், இது எனக்கும் ஏற்புடையது. மாணவியிடம் ஒரு கேள்வி. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை வலுவிழந்திருக்கிறது. வீட்டு மாடிப்படியில் ஏறும்போது வலப்பக்கம் மட்டும் கிராதி, இடப்பக்கம் சுவர். ஏறும்போது சுவரைத் தடவிக்கொண்டு ஏறுகிறார், பார்க்கவே பயமாக இருக்கிறது. படியை இடிக்காமல் ஏதாவது செய்ய முடியுமா?

கட்டடக்கலை மாணவி:

கட்டாயம் முடியும் அக்கா, இடிக்க எதுவும் இல்லை. சுவர்ப்பக்கம் ஒரு கைப்பிடி மட்டும் போடுங்கள். அங்கே விழுவதற்குப் பள்ளம் இல்லாததால் கிராதி தேவையில்லை. அப்பா ஏறும்போது இடக்கைக்குச் சுவர்க் கைப்பிடி, இறங்கும்போது அதே இடக்கைக்குக் கிராதியின் கைப்பிடி. இரண்டு பக்கமும் பிடி இருந்தால்தான் ஒரு கை மட்டும் வலுவாக உள்ளவர் இரண்டு திசையிலும் போக முடியும்.

சுவரில் பொருத்தும்போது பூச்சில் மட்டும் திருகாணி நிற்கக் கூடாது, செங்கல்லுக்குள் அல்லது கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். அப்பா முழு உடல் எடையையும் அதில் போடுவார். தாங்கிகள் கைப்பிடிக்கு அடியிலிருந்து பிடிக்கட்டும், பக்கவாட்டில் பிடித்தால் கை ஓடும்போது ஒவ்வொரு தாங்கியிலும் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டிவரும். முதல் படிக்கு முன்னாலும் கடைசிப் படிக்குப் பின்னாலும் 300 மில்லிமீட்டர் நீட்டி விடுங்கள். சமதளத்தில் இரண்டு காலும் ஊன்றும்வரை கை பிடியில் இருக்க வேண்டும். முனையைச் சுவர்ப்பக்கமாக வளைத்து முடித்தால் சட்டையோ புடவை முந்தானையோ மாட்டாது. சுவர் வெள்ளை என்றால் கைப்பிடி அடர்ந்த நிறத்தில் இருக்கட்டும், மங்கிய வெளிச்சத்திலும் தெரியும்.

கடைசல் பட்டறை:

மலர் தங்கச்சி, அதற்கு மரமே போதும். உருண்டையாக இழைத்த தேக்கு அல்லது அயினி, ஒன்றரை அங்குல விட்டம். எஸ்.எஸ். குழாய் வியர்த்த கையில் வழுக்கும், மரம் பிடி கொடுக்கும். பளபளப்பான வார்னிஷ் அடிக்காமல் எண்ணெய் மட்டும் பூசுங்கள். படியின் நீளத்தையும் திருப்பம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள், தாங்கி எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.